மேடை கண்ட இணை
பம்மல் சம்பந்த முதலியாரும் சி. ரங்கவடிவேலுவும்

ஓர் அமைப்பைத் தொடங்குவது எளிது. பத்தாண்டுகள் நடத்துவது அரிது. முதல் கூட்டத்திற்கு வந்தவர்களுள் எத்தனை பேர் நூறாவது கூட்டத்திற்கு வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், ஒரு கலைச் சங்கத்திற்குக் காசு பெறாமல் தம் வாழ்நாளை வழங்கிய பம்மல் சம்பந்த முதலியாரையும், அவருக்கு இணையாக அதே மேடையில் கால் நூற்றாண்டு நின்ற சி. ரங்கவடிவேலுவையும் நினைவுகூர்தல் சாலப் பொருத்தமாகும்.

கல்லூரி வகுப்பறைகளில் தமிழ் நாடக வரலாறு கற்பிக்கும் நாங்கள், சம்பந்த முதலியாருக்கு ஒரு பக்கம் ஒதுக்குவோம். தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதியவர், ஷேக்ஸ்பியரைத் தமிழுக்குக் கொணர்ந்தவர், தமிழ் நாடகத் தந்தை என்று சொல்லி நகர்ந்து விடுவோம். ரங்கவடிவேலுவின் பெயர் அந்தப் பக்கத்தில் இடம்பெறுவதே இல்லை. பல்லாண்டுகள் நானும் அவ்வாறே கற்பித்து வந்தேன். முதலியாரின் நாடக மேடை நினைவுகள் என்னும் நூலை முழுமையாகப் படித்த பின்னரே, அந்தப் பக்கத்தில் பாதியை விட்டுவிட்டேன் என்பதை உணர்ந்தேன். அக்குறையைச் சிறிதளவேனும் நீக்கும் முயற்சியே இக்கட்டுரை.

பிறப்பும் பின்புலமும்

சம்பந்த முதலியார் 1873-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். தந்தையார் விஜயரங்க முதலியார். அன்னையார் மாணிக்கவேலு அம்மாள். சென்னைக்கு அருகிலுள்ள பம்மல் குடும்பத்தின் பூர்விக ஊராதலின், அது பெயரோடு ஒட்டிக்கொண்டது. தந்தையார் கல்வித்துறையில் பணியாற்றியவர், நூல்களில் பற்றுடையவர். வீட்டில் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. அன்னையார் சொல்லிய புராண, இதிகாசக் கதைகள் பிள்ளையின் நெஞ்சில் முதல் நாடக விதைகளாக விழுந்தன. பின்னர் மாநிலக் கல்லூரியில் பயின்று, சட்டமும் கற்று, வழக்கறிஞர் ஆனார்.

தமிழ் நாடகத்திற்கு இத்துணைத் தொண்டு செய்தவர் இளமையில் தமிழ் நாடகத்தை வெறுத்தவர் என்பது வியப்புக்குரியது. அந்நாளில் நாடகம் இரவு தொடங்கி விடியும்வரை நடக்கும். கதையைக் காட்டிலும் பாட்டு மிகுதி. இடையிடையே பொருந்தாத நகைச்சுவை. ஆடுவோரைக் கூத்தாடிகள் என்று இகழ்வது படித்தோர் வழக்கமாக இருந்தது. ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர் அப்பக்கம் எட்டிப் பார்ப்பதையே இழிவாக எண்ணினர். சம்பந்தமும் அவர்களுள் ஒருவராகவே இருந்தார்.

1891: ஒரு மாலை, ஒரு சபை

அவர் மனத்தை மாற்றியது ஒரு தெலுங்கு நாடகம். 1891-ஆம் ஆண்டு, பல்லாரி கிருஷ்ணமாசார்லு தம்முடைய சரச வினோதினி சபையாருடன் சென்னைக்கு வந்து நாடகங்கள் நடத்தினார். அவர் தொழிலால் வழக்கறிஞர். அவரோடு நடித்தவர்களும் கற்றோர்; பிழைப்புக்காக அன்றிக் கலைக்காக மேடையேறியவர்கள். அதைக் கண்ட 18 வயது மாணவர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. தெலுங்கர் செய்வதைத் தமிழர் ஏன் செய்யலாகாது? குறை தமிழ் நாடகத்தில் இல்லை, அதைக் கைவிட்ட தம்மைப் போன்றோரிடமே இருக்கிறது என்பது அன்று அவருக்குப் புலனாயிற்று.

கேள்வியோடு அவர் நின்றுவிடவில்லை. அதே ஆண்டு ஜூலை முதல் நாள், நண்பர் எழுவர் கூடிச் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தனர். செல்வப் புரவலர் எவரும் பின்னே நிற்கவில்லை. உறுப்பினர் தரும் சிறு சந்தாவே முதல், ஆர்வமே மூலதனம்.

இலக்கிய மாணவர்க்கு இவ்வாண்டு மற்றொரு வகையிலும் நினைவிருக்கும். பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் அச்சேறியதும் 1891-இல்தான். படிப்பதற்குரிய கவிதை நாடகம் ஒன்றும், நடிப்பதற்குரிய உரைநடை நாடகங்களை வளர்த்த சபை ஒன்றும் ஒரே ஆண்டில் பிறந்தன. முன்னதைப் பல்கலைக்கழகங்கள் போற்றிக் காத்தன. பின்னதன் வரலாறு நம் பாடநூல்களில் சில வரிகளாகச் சுருங்கிவிட்டது.

சபையின் முதல் தமிழ் நாடகமான புஷ்பவல்லி 1893-இல் அரங்கேறியது. எழுதியவரும் பயிற்றியவரும் முதலியாரே. தொடர்ந்து வந்த லீலாவதி-சுலோசனா சபைக்குப் பெயர் வாங்கித் தந்தது. மனோகரா அப்பெயரை நிலைநாட்டியது.

ஒழுங்கே உயிர்

சுகுண விலாச சபையில் நடிகர்க்கு ஊதியம் இல்லை. பகலில் நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் கல்லூரியிலும் பணி செய்வோர் மாலையில் ஒத்திகைக்குக் கூடினர். ஊதியம் இல்லாத இடத்தில் ஒழுங்கு தளர்வது இயல்பு. காசு வாங்காமல் வருகிறேனே, தாமதித்தால் என்ன என்று எண்ணுவது மனித மனம். சம்பந்த முதலியார் இதை ஒருபோதும் ஏற்கவில்லை. விருப்பத்தால் செய்யும் பணிக்கே கடமையுணர்வு மிகுதியாக வேண்டும் என்பது அவர் வாழ்ந்து காட்டிய நெறி.

அறிவித்த நேரத்தில் திரை எழ வேண்டும். விடிய விடிய நீளாமல் சில மணி நேரத்தில் நாடகம் முடிய வேண்டும். பாத்திரம் பேச வேண்டிய இடத்தில் பாட்டுப் பாடி நிற்கலாகாது. சிறு வேடம் ஏற்றவரும் தம் வசனத்தை நெட்டுருச் செய்து வர வேண்டும். இன்று நமக்கு இவை எளிய விதிகளாகத் தோன்றலாம். அன்றைய தமிழ் மேடையில் இவை ஒரு புரட்சிக்கு நிகரானவை. உரையாடலே நாடகத்தை நடத்திச் செல்லும் முறை இச்சபையின் வழியாகவே தமிழில் வேரூன்றியது.

1902 முதல் 1936 வரை, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகேயுள்ள விக்டோரியா பொது மண்டபமே சபையின் இருப்பிடமாக விளங்கியது. தமிழோடு தெலுங்கு, ஆங்கிலம், வடமொழி முதலிய மொழி நாடகங்களும் அங்கே அரங்கேறின. அரசியலில் பெரும்புகழ் பெற்ற எஸ். சத்தியமூர்த்தி இச்சபையின் மேடையில் நடித்தவர். சி.பி. இராமசாமி ஐயர், ஆர்.கே. சண்முகம் செட்டியார், வி.வி. சீனிவாச ஐயங்கார் போன்றோரும் சபையோடு தொடர்புடையவர்கள். நாடகம் ஆடுவது தாழ்வு என்ற எண்ணம் சென்னையின் கற்றோரிடையே மறையத் தொடங்கியது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வழக்கறிஞர் நடித்தபோது வந்த மதிப்பு, அதே கலையைப் பிழைப்பாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்ற நடிகர்க்கு உடனே வந்துவிடவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் போன்றோர் வறுமையோடும் இகழ்ச்சியோடும் போராடிக் காத்த மரபும் தமிழ் நாடகத்தின் மற்றொரு கண்ணாகும். ஒன்றைப் போற்ற மற்றொன்றை மறத்தல் ஆய்வாளர்க்கு அழகன்று. இவ்விரு மரபுகளுக்கும் பகை இருந்ததில்லை என்பதற்கு முதலியாரின் நாடகங்களே சான்று. அவற்றை எம். கந்தசாமி முதலியார் பாய்ஸ் கம்பெனிச் சிறுவர்களுக்குப் பயிற்றினார். மனோகரா தமிழ்நாடெங்கும் தொழில்முறைக் குழுக்களின் செல்வமாயிற்று. தம் நாடகத்தை நடிப்போர் முன்னனுமதி பெற வேண்டும், உரிமைத் தொகை செலுத்த வேண்டும் என்பதில் முதலியார் உறுதியாக இருந்தார். தம் உழைப்பைச் சபைக்கு மனமுவந்து வழங்கியவரே, எழுத்தாளனின் உரிமையை விட்டுக்கொடுக்கலாகாது என்பதையும் நிலைநாட்டினார். இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. கொடுப்பது வேறு, பறிக்கப்படுவது வேறு.

மேடையில் கணவனும் மனைவியும்

அக்காலத்தில் இத்தகைய சபைகளில் பெண்கள் நடிப்பதில்லை. பெண் வேடங்களை ஆடவரே ஏற்றனர். கற்றுத் தேர்ந்த இளைஞர் ஒருவர், உற்றாரும் ஊராரும் பார்த்திருக்கச் சேலை உடுத்தி மேடையேறுவதற்குத் துணிவு வேண்டும். ஒருமுறை வேடிக்கைக்காகச் செய்தல் வேறு. ஆண்டுக்கணக்கில் அதையே தம் கலையாகக் கொள்ளுதல் வேறு. சி. ரங்கவடிவேலு இரண்டாவதைச் செய்தவர்.

அவரும் வழக்கறிஞரே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் சபையில் சேர்ந்தார். அதன்பின் முதலியார் கதாநாயகனானால் ரங்கவடிவேலு கதாநாயகி என்பது சபையின் எழுதாத விதியாயிற்று. அரசனும் அரசியும், காதலனும் காதலியும், பிரிந்து வருந்துவோரும் மீண்டு கூடுவோரும் என எத்தனையோ வடிவங்களில் இவ்விருவரும் மேடையில் இணையாக நின்றனர். மேடைக்கு வெளியே உயிர் நண்பராயினர். நினைவுகள் நூலில் ரங்கவடிவேலுவின் பெயர் வரும் இடந்தோறும் முதலியாரின் நடை கனிந்து நெகிழ்வதைக் காணலாம். ஆருயிர் நண்பர் என்ற அடையின்றி அவரைச் சொல்ல முதலியாருக்கு மனம் வருவதில்லை.

கதாநாயகனுக்கு எதிரே நிற்பவர் தாளம் தவறினால் கதாநாயகனும் விழுவான். ஒருவர் பேச, மற்றவர் கேட்கும் முறையில்தான் காட்சி உயிர் பெறுகிறது. கேட்பதும் நடிப்பே என்பதை நாடகம் அறிந்தோர் அறிவர். முதலியாரின் வசனங்களுள் பலவற்றுக்கு மேடையில் முதல் மறுமொழி தந்தவர் ரங்கவடிவேலு. தாம் எழுதும் நாயகியை மேடையில் இவரே தாங்கப்போகிறார் என்று தெரிந்து எழுதிய ஆசிரியருக்கு, அவருடைய குரலும் நடையும் எழுதுகோலின் நுனியிலேயே இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

ஒரு பெண் என்ற முறையில் இப்பகுதியைப் படிக்கும்போது எனக்கு இருவகை உணர்வு எழுகிறது. பெண்ணுக்கு மேடையில் இடமில்லாத காலத்தில் பெண்ணின் துயரை ஓர் ஆடவர் தாங்கிப் பேச வேண்டியிருந்ததே என்ற வருத்தம் ஒன்று. அவ்வேடத்தைக் கேலிக்கு இடமின்றி இத்துணை ஆண்டுகள் மதிப்போடு தாங்கினாரே என்ற நன்றி மற்றொன்று. இரண்டும் உண்மை. ஒன்றுக்காக மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை.

மனோகரன் முதல் சபாபதி வரை

முதலியாரின் படைப்புலகம் விரிந்தது. ஹாம்லெட்டை அமலாதித்தன் என்றும், மாக்பெத்தை மகபதி என்றும், வெனிஸ் நகர வணிகனை வாணீபுரத்து வணிகன் என்றும் தமிழாக்கினார். இப்பெயர்களை உரக்கச் சொல்லிப் பார்த்தால் அவரது செவியின் நுட்பம் விளங்கும். அயல் ஒலியைக் கைவிடாமலே அதைத் தமிழ்ப் பெயராக்கிவிடுகிறார். கவிஞர்கள் சுவைத்து எண்ணத்தக்க செய்தி இது.

மனோகரா அவரது நாடகங்களுள் தலைசிறந்த புகழ் பெற்றது. வசந்தசேனையின் மயக்கில் அரசன் புருஷோத்தமன் தன் பட்டத்தரசி பத்மாவதியைப் புறக்கணிக்கிறான். அன்னையின் ஆணைக்குக் கட்டுப்பட்டு மகன் மனோகரன் பொறுமை காக்கிறான். சங்கிலியால் பிணிக்கப்பட்டு அவையில் நிற்கும் அவ்வீரனைக் கட்டியிருப்பது இரும்பன்று, தாய்ச்சொல். இம்முரணே நாடகத்தின் உயிர்நாடி. இளமையில் மனோகரனாக நடித்த முதலியார், 1936-இல் இக்கதை திரைப்படமானபோது தந்தை புருஷோத்தமனாகத் தோன்றினார். மகனாக மேடையேறிய நாடகத்தில் தந்தையாகத் திரையேறும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்! பின்னர் 1954-இல் மு. கருணாநிதியின் வசனத்தில் சிவாஜி கணேசன் நடித்து வெளிவந்த மனோகரா, அக்கதையைப் புதிய தலைமுறையிடம் சேர்த்தது.

நகைச்சுவையிலும் அவர் வல்லவர். தலைவனுக்கும் அறிவு மழுங்கிய வேலைக்காரனுக்கும் ஒரே பெயர் அமைந்த சபாபதி, 1941-இல் ஏவி.எம். தயாரிப்பில் படமாகி இன்றளவும் சிரிக்க வைக்கிறது. படம் பார்த்துச் சிரிப்போருள் பலர், அது ஊதியம் பெறாத ஒரு சபை மேடையில் பிறந்த சிரிப்பு என்பதை அறியார்.

கடல் கடந்த விளைவு

1911-இல் சபையார் இலங்கைக்குச் சென்று நாடகங்கள் நடத்தினர். அங்கே விழுந்த விதை ஒன்று பெருமரமாயிற்று. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சொர்ணலிங்கம் என்னும் இளைஞர் முதலியாரைத் தம் ஆசானாகக் கொண்டார். கொழும்பில் லங்கா சுபோத விலாச சபை தோன்றுவதற்கு முன்னின்றார். பிற்காலத்தில் கலையரசு என்று ஈழத்தமிழர் அவரைப் போற்றினர். பல்லாரியிலிருந்து வந்த குழு சென்னையில் ஒரு சபையை எழுப்பியது. சென்னையிலிருந்து சென்ற குழு கொழும்பில் ஒரு சபையை எழுப்பியது. தொண்டு இவ்வாறே தன்னைத் தான் பெருக்கிக் கொள்கிறது.

பிரிவும் பணியும்

1920-களின் முற்பகுதியில் ரங்கவடிவேலு மறைந்தார். இணையில் ஒருவர் தனித்தார். மேடையிலும் வாழ்விலும் கூடவே நின்ற ஒருவரை இழந்த துயரை முதலியார் தம் நினைவுகளில் மறைக்கவில்லை. ஆயினும் துயரைக் காரணமாக்கிச் சபையை விட்டு அவர் விலகவும் இல்லை. அதே காலகட்டத்தில் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்து, 1928-இல் ஓய்வு பெற்றார். நீதிபதி நாற்காலியும் சபைப் பணியும் ஒன்றையொன்று விலக்கவில்லை.

ஓய்வுக்குப் பின்னர் அவர் மேற்கொண்ட பணிகளுள் தலையாயது, நாடக மேடை நினைவுகளை எழுதியது என்பேன். சுதேசமித்திரனில் தொடராக வெளிவந்து பின்னர் ஆறு பாகங்களாக நூலுருப் பெற்ற அது, பெயரளவில் தன்வரலாறு. உண்மையில் ஒரு சபையின் வரலாறு. தம் குடும்பத்தைப் பற்றிக் குறைவாகவே சொல்லும் அவர், சபையில் சிறு வேடம் ஏற்றவரையும், முகத்தில் வண்ணம் தீட்டியவரையும், திரைக்குப் பின்னே உழைத்தவரையும் தேடித் தேடிக் குறிக்கிறார். தோல்வியடைந்த நாடகங்களையும், தம் தவறுகளையும் ஒளிக்காமல் கூறுகிறார். நாடகத் தமிழ், நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி, நான் கண்ட நாடகக் கலைஞர்கள் ஆகிய நூல்களும் இதே நோக்கின.

அவர் ஏன் இவ்வளவு எழுதினார் என்று எண்ணிப் பார்க்கிறேன். நாடகாசிரியன் எழுத்து அச்சில் நிற்கும்; நடிகன் கலை திரை விழுந்ததும் காற்றோடு கலந்துவிடும். ஒலிப்பதிவோ ஒளிப்பதிவோ இல்லாத காலத்தில் ரங்கவடிவேலு பேசிய குரல் எங்கே போயிற்று? அதைக் கேட்டவரும் இன்று இல்லை. அவர் இருந்தார், நடித்தார் என்பதை இன்று நாம் அறிவதற்குப் பெருங்காரணம், உயிரோடு எஞ்சிய நண்பர் உட்கார்ந்து எழுதியதுதான். நட்புக்குச் செய்யும் கைம்மாறு இதனினும் பெரிது உண்டோ?

முதுமையில் முதலியார் கண்பார்வையை இழந்தார். வாழ்நாளெல்லாம் மேடை விளக்கொளியைக் கண்ட கண்கள் இருண்டன. அப்போதும் அவர் நூலாக்கப் பணியைக் கைவிடவில்லை. பார்வை இழந்த கதையையே எழுத்தாக்கிய மனவலிமை அவருடையது. 1959-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்தது. சங்கீத நாடக அகாதெமியும் அதே ஆண்டில் சிறப்பித்தது. 1964-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், 91-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

நமக்கு ஒரு சொல்

சுகுண விலாச சபை 1936-இல் மவுண்ட் ரோடில் தனக்கெனச் சொந்தக் கட்டடம் கண்டது. ஆயினும் காலப்போக்கில் நாடகம் அங்கே பின்னிடைந்து, உறுப்பினர் கூடிப் பொழுதுபோக்கும் மன்றமாக அது மாறியது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பாடமாகச் சொல்கிறேன். கட்டடம் அமைப்பைக் காப்பதில்லை. மாலைதோறும் வந்து ஒத்திகை பார்க்கும் இருவர் மூவர் உள்ளவரையில் அமைப்பு உயிரோடிருக்கும். அவர்கள் போன பின்னர்ப் பெயர்ப்பலகை மட்டுமே நிற்கும்.

நம் வட்டத்திற்குச் சொந்தக் கட்டடம் இல்லை. அது பற்றி நாம் வருந்த வேண்டியதும் இல்லை. ஆனால் இம்மலரைப் புரட்டும்போது ஒன்று உறுத்துகிறது. இதில் கவிதை எழுதியோர் பெயர்கள் உள்ளன. தலைமை தாங்கியோர் பெயர்கள் உள்ளன. மழை நாளிலும் முன்கூட்டியே வந்து பாய் விரித்தவர், அழைப்பிதழ்களுக்கு முகவரி எழுதியவர், கவிதை எழுதத் தெரியாமலே பத்தாண்டுகளாகத் தவறாது வந்தமர்ந்து கேட்டவர் ஆகியோரின் பெயர்கள் எங்கே? அவர்களே நம் ரங்கவடிவேலுகள். அவர்கள் கேட்டிராவிடில் நம் கவிதைகளுக்கு மறுமொழி ஏது?

சம்பந்த முதலியார் தம் நண்பருக்குச் செய்ததை நாமும் செய்ய வேண்டும். அடுத்த கூட்டத்தில், கவியரங்கம் தொடங்குமுன், அப்பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குவோம். பத்தாண்டு நிறைவுக்கு நாம் எடுக்கும் விழாவில் அதுவே முதல் நிகழ்ச்சியாக அமையட்டும்.